யாரைத் தடுக்க இந்த அகழி?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் இந்த மேடையில் ஏறினால் கல்வெட்டு, இல்லாவிட்டால் கோயில் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று இரண்டும் இல்லை. இன்று ஒரு பள்ளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அழைப்பிதழில் 'இடைக்கால இங்கிலாந்தின் அகழி மனைகள்' என்று கௌரவமாக அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தது பள்ளம்தான்.

என் மகள் இங்கிலாந்தில், சஃபோக் மாவட்டத்தில் இருக்கிறாள். ஓய்வுபெற்ற வாத்தியாரை அங்கே கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வார்? நடப்பார். அந்த ஊரில் வயல்களின் ஊடே பொதுப்பாதைகள் உண்டு. நிலம் தனியாருடையதுதான், ஆனால் பாதையை அடைக்க முடியாது. அப்படி ஒரு நாள் நடக்கும்போது மகள் வரைபடத்தைக் காட்டி, "அப்பா, இங்கே ஒரு அகழி இருக்கு பாருங்க" என்றாள். அந்நாட்டு நில அளவைத் துறை வரைபடத்தில் பழஞ்சின்னங்களை மட்டும் பழங்காலத்து எழுத்தில் அச்சிடுவார்கள். ஒரு வயலின் மூலையில் அந்த எழுத்தில் 'மோட்' என்று போட்டிருந்தது. மோட் என்றால் அகழி.

நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் தெரியுமா? வேலூர்க் கோட்டையை. கருங்கல் மதில், அதன் காலடியில் நிறைந்த தண்ணீர். நமக்கு அகழி என்றாலே அதுதானே? அதிலும் சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அகழியில் ஒரு முதலையாவது இருந்தாக வேண்டும்!

போய்ப் பார்த்தால் கோட்டை இல்லை. மதில் இல்லை. கல் ஒன்றுகூட இல்லை. மாட்டுப் பண்ணையின் ஓரத்தில் சதுரமாக ஒரு பள்ளம். மூன்று பக்கம் பாசி படர்ந்த தண்ணீர், நான்காவது பக்கம் தூர்ந்துபோய் வெறும் சேறும் கோரையும். நடுவில் ஒரு திட்டு. நம்மூர்க் கணக்கில் ஒரு கல்யாண மண்டபமும் அதன் பந்தியும் கொள்ளும், அவ்வளவுதான். திட்டின் மேல் புல், முட்புதர், இரண்டு ஓக் மரங்கள். தண்ணீரில் நான்கைந்து வாத்துகள். வேறொன்றும் இல்லை.

தூர்ந்த பக்கமாகத் திட்டின் மேல் ஏறினோம். அங்கே புல்லுக்கு நடுவே சின்னச் சின்ன மண் குவியல்கள். அகழெலி பறித்துத் தள்ளிய மண். அந்தக் குவியல் ஒன்றின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து எடுத்தேன். கூரை ஓட்டுத் துண்டு, விரல் நீளம் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு துளை. அந்தக் காலத்தில் ஓட்டை ஆணியில் மாட்ட மாட்டார்கள். அந்தத் துளையில் ஒரு மர ஆப்பைச் செருகி, கூரைச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். துளையின் உட்புறம் வழவழவென்றில்லை. பச்சை மண்ணில் ஒருவர் குச்சியால் குத்திச் சுழற்றியபோது பிதுங்கிய விளிம்பு, அப்படியே சுட்டு இறுகி இருந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது.

நண்பர்களே, நம் மொழியின் அழகைப் பாருங்கள். அகழ் என்றால் தோண்டு. அகழ்ந்தது அகழி. அகழ்ந்து ஆராய்வது அகழாய்வு. அகழ்கிற எலி அகழெலி. அகழிக்கு நடுவே ஓர் அகழெலி எனக்காக அகழாய்வு செய்து வைத்திருந்தது!

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. இந்த வீட்டில் ராஜா இருந்ததில்லை. இங்கே போர் நடந்ததாகச் செய்தியும் இல்லை. சுற்றிலும் வயல். அப்படியிருக்க, யாரைத் தடுக்க இந்த அகழி?

இது ஏதோ ஒரு விசித்திரக்காரர் வெட்டிய பள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் மட்டும் இப்படிப்பட்ட அகழி மனைகள் ஏறத்தாழ 6,000 கணக்கில் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. நம் பக்கத்தில் பிற்காலப் பாண்டியர் ஆண்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு ஆண்டில் அங்கே ஓர் அகழிப் பித்தே பிடித்திருக்கிறது. வெட்டியவர் யார்? மன்னர் அல்லர், பெரும்பாலும் பிரபுகூட அல்லர். நம்மூர் வழக்கில் சொன்னால் மிராசுதார், பண்ணையார், கொஞ்சம் கையில் காசு பார்த்த பெரிய விவசாயி, சில இடங்களில் மடத்துச் சாமியார்கள்.

அந்த மோட் என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. பழைய பிரெஞ்சு மொழியில் அது மேட்டைக் குறித்த சொல். மேட்டைச் சுற்றிப் பள்ளம் இருந்தது. நாளடைவில் மேட்டின் பெயர் பள்ளத்துக்குப் போய்விட்டது. வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? நாம் மட்டும் என்ன குறைச்சல்? பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி. இன்று கிடங்கு என்றால் அரிசி மூட்டை அடுக்குகிற இடம். ரேஷன் கடைக்காரரிடம் போய், "ஐயா, உங்கள் கிடங்கில் முதலை உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். யாரைத் தடுக்க?

முதலில் மண்ணைப் பாருங்கள். சஃபோக், எசெக்ஸ் பக்கமெல்லாம் கெட்டிக் களிமண். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. நம் டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் வீடு கட்டினால் குளிர்காலம் முழுக்க ஈரம்தான். சுற்றிப் பள்ளம் வெட்டினால் என்ன ஆகும்? வீட்டடித் தண்ணீர் பள்ளத்துக்கு வடியும். வெட்டிய மண்ணை நடுவே கொட்டினால் மனை உயரும். களிமண் என்பதால் பள்ளத்தில் நின்ற தண்ணீரும் கசியாது. வரத்துக்காலும் கலங்கலும் வைத்துவிட்டால் அது ஒரு குட்டிக் குளம். ஆக, பாதி அகழி வடிகால்.

அந்தக் குளத்தில் மீன் விடுவார்கள். வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி கூடாது என்பது அன்றைய கிறித்தவ நோன்பு. வருஷத்தில் அத்தனை நாள் கறி இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் கையெட்டும் தூரத்தில் மீன் இருப்பது எவ்வளவு வசதி! மாடு குடிக்கத் தண்ணீர், தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர், திருடனுக்கும் பக்கத்து வயல் மாட்டுக்கும் ஒரு தடை. சில மனைகளில் திட்டின் மேல் வீடே கிடையாது. பழத்தோட்டம் மட்டும் போட்டிருக்கிறார்கள். மாம்பழத்துக்குக் காவல் படுத்திருந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த ஆப்பிள்காரரின் மனசு புரியும்.

இன்னொரு பயனும் உண்டு. மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கழிப்பறைகள் நேராக அகழியில்தான் திறந்தன. ஆமாம், அதே மீன் வளர்த்த அகழிதான். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கழிவுநீர்க் கால்வாய் ஒருமுறை உயிரைக் காத்திருக்கிறது. வாரிக்ஷயர் பகுதியில் பேட்ஸ்லி கிளின்டன் என்று ஓர் அகழி மனை. இன்றும் தண்ணீர் சூழ அழகாக நிற்கிறது. முதலாம் எலிசபெத் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் இங்கிலாந்தில் இருப்பதே தேசத்துரோகம், மரண தண்டனை. 1591 அக்டோபரில் ஒரு விடியற்காலையில் ஒரு வீட்டுக் கதவை அரசாங்கத்தின் ஆட்கள் இடித்தார்கள். உள்ளே ரகசியமாகக் கூடியிருந்தவர்கள் ஐந்து இயேசு சபைக் குருமார்கள், வேறு சிலர். எங்கே ஒளிவது? தரைக்கு அடியில் இருந்த மறைவிடத்தில் இறங்கினார்கள். காலடியில் தண்ணீர். நான்கு மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே நின்றார்கள். மேலே சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம். தேடியவர்கள் கடைசியில் வெறுங்கையோடு போய்விட்டார்கள். அங்கே நின்றவர்களில் ஒருவரான ஜான் ஜெரார்ட் பிற்பாடு இதை எழுதிவைத்தார். அவர் வீட்டின் பெயரைச் சொல்லவில்லை. பேட்ஸ்லி கிளின்டனின் பழைய சாக்கடைக் கால்வாய்தான் அந்த இடம் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். வெளியாரைத் தடுக்க வேண்டிய அகழி அவர்களைத் தடுக்கவில்லை. அகழியில் போய் விழும் சாக்கடை காப்பாற்றியது!

வடிகால், மீன், தீ, திருடன், சாக்கடை. எல்லாம் சரி. ஆனால் இதற்கெல்லாம் நாற்புறமும் இவ்வளவு அகலமாக வெட்டத்தான் வேண்டுமா? வடிகாலுக்கு ஒரு வாய்க்கால் போதாதா? மீனுக்கு ஒரு மூலையில் குட்டை போதாதா?

இங்கேதான், நண்பர்களே, நம் தெருவுக்கு வாருங்கள். நம் ஊரில் ஒருவர் புது வீடு கட்டினார். பெயர் வேண்டாம். காம்பவுண்டுச் சுவர் எட்டடி, அதன் மேல் உடைந்த பாட்டில் கண்ணாடி, இரட்டைக் கேட்டு, கேட்டின் மேல் சிங்க முகம். உள்ளே இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். யாரைத் தடுக்க அந்தச் சுவர்? திருடனையா? திருடன் பின்பக்கமாக வருவான். பின்பக்கம் வேலிக்காத்தான்தான் இருக்கிறது. அந்தச் சுவர் தடுப்பதற்காகக் கட்டியது அல்ல. தெருவில் போகிறவன் ஒரு நிமிஷம் நின்று பார்க்கக் கட்டியது.

அகழியும் அப்படித்தான். அரசனிடம் கோட்டை இருந்தது, கோட்டையில் அகழி இருந்தது. பிரபுவும் வெட்டினான். பிரபுவின் கீழே இருந்த பண்ணையாருக்குக் கோட்டை கட்ட வசதி இல்லை. ஆனால் பள்ளம் வெட்ட ஆள் இருந்தது. வண்டியில் வருகிறவன் வீட்டை முதலில் தண்ணீருக்கு அப்பால் பார்க்க வேண்டும், பாலத்தின் முன் நிற்க வேண்டும், யார் என்று சொல்ல வேண்டும், பிறகு உள்ளே வர வேண்டும். அந்த நான்கு அடி எடுத்துவைப்பதற்குள் வந்தவன் கொஞ்சம் சிறுத்துப்போவான் அல்லவா? அதற்குத்தான் அத்தனை மண்வெட்டி வேலையும்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லிவிட்டால் தப்பு. அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்ட், கில்கென்னி, டிப்பெரரி பகுதிகளிலும் அகழி மனைகள் ஏராளம். அவற்றை வெட்டியவர்கள் பிறர் மண்ணைப் பிடித்துக்கொண்டு குடியேறிய ஆங்கிலோ-நார்மானியர். எல்லைப்புறத்தில் ராத்திரி தூக்கம் வராதவர்கள். அங்கே அகழிக்கு அச்சமும் ஒரு காரணம். அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டினவனுக்கு ஆழமான பள்ளம் தேவைப்படத்தான் செய்யும்.

அகழி எதைத் தடுக்கவில்லை என்று கேட்டால் பதில் இன்னும் சுலபம். 1315இல் தொடங்கி 1317 வரை ஓயாத மழை. பயிர் அழுகியது. வட ஐரோப்பா முழுக்கப் பெரும் பஞ்சம். களிமண் நிலம்தான் முதலில் கைவிட்டது. பிறகு 1348இல் கொள்ளைநோய் கப்பலில் வந்து இறங்கியது. ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில கணக்குப்படி பாதி, போய்விட்டது. பாலத்தைத் தூக்கிவைத்தால் நிற்கிற விருந்தாளியா அது? உழ ஆள் இல்லாமல் வயல்கள் ஆட்டு மேய்ச்சலாயின. பல மனைகளில் வீடு விழுந்தது. மரத்தையும் ஓட்டையும் ஊரார் எடுத்துக்கொண்டார்கள். பள்ளத்தை யார் எடுத்துக்கொண்டு போவது? அது மட்டும் நின்றது.

அந்தப் பள்ளத்தின் சேறுதான் இன்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். காற்றுப் புகாத சேற்றில் மரம் மக்காது, தோல் மக்காது. மேட்டு மண்ணில் கிடைக்காததெல்லாம் அங்கே கிடைக்கும்: பாலத்தின் ஓக் தூண், தோல் செருப்பு, மரக் கிண்ணம், தின்று துப்பிய பழக்கொட்டை. தூணின் வளையங்களை எண்ணி மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் தூக்கி எறிந்ததெல்லாம் இருக்கிறது. பெருமைக்குக் கட்டியது எதுவும் இல்லை.

இப்போது ஒரு பெரிய அகழிக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். தென்கிழக்கே சசெக்ஸ் பகுதியில், ரோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், போடியம் என்ற கோட்டை. காலண்டரில் பார்த்திருப்பீர்கள். ஏரி போல விரிந்த தண்ணீர், அதன் நடுவே நான்கு மூலையிலும் உருண்டைக் கொத்தளம் வைத்த சதுரக் கோட்டை, தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோட்டை. உள்ளே போனால் கூரை கிடையாது, வானம்தான். வெளியே இருந்து பார்த்தால் நேற்றுக் கட்டியது போல இருக்கும்.

கட்டியவர் சர் எட்வர்ட் டாலிங்ரிட்ஜ். பிரான்சில் நடந்த நூறாண்டுப் போரில் கூலிப்படையோடு சுற்றிப் பணம் சேர்த்தவர். போடியம் நிலம் அவருக்கு மனைவி வழியில் வந்தது, அதாவது மாமனார் வீட்டுச் சொத்து. 1385 அக்டோபரில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரிடம் அனுமதி வாங்கினார். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு மதில் எழுப்பி, மதிலுக்குப் பல்வரிசை வைத்து, எதிரியிடமிருந்து நாட்டைக் காக்கக் கோட்டையாக்கிக்கொள்ள அனுமதி. கடலுக்குப் பக்கம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. கடல் பத்து மைலுக்கும் அப்பால்! இருந்த வீட்டுக்கு மதில் கட்டினாரா? அதுவும் இல்லை. அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் புதிதாகவே கட்டிவிட்டார். பத்திரத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

யாரைத் தடுக்க இந்த அகழி?

பிரெஞ்சுக்காரர்களை என்றார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1377இல் அவர்கள் வந்து பக்கத்தில் இருக்கும் ரை துறைமுகத்தைக் கொளுத்தினார்கள். 1380இல் வின்செல்சி மாட்டியது. அந்தப் பயம் பொய்யில்லை.

குடியானவர்களை என்றார்கள். 1381இல் கென்ட், எசெக்ஸ் பக்கத்து உழவர்கள் தலைவரிக்கு எதிராகக் கிளம்பி லண்டன் கோட்டைக்குள்ளேயே நுழைந்து மந்திரியின் தலையை வாங்கினார்கள். நான்கே ஆண்டுக்குப் பிறகு கட்டுகிற பண்ணையாருக்கு அது மறந்திருக்குமா?

எனக்கு மூன்றாவது எதிரியின் மேல்தான் சந்தேகம். லங்காஸ்டர் கோமகன் ஜான் ஆஃப் கான்ட், மன்னருக்குச் சித்தப்பா, நாட்டிலேயே பெரிய பணக்காரர். சசெக்ஸில் அவர் கை நீண்டது டாலிங்ரிட்ஜுக்குப் பிடிக்கவில்லை. கோமகனின் ஆட்களை அடித்தார். 1384இல் வழக்கு வந்தது. வாதாட வேண்டிய சபையில் இவர் என்ன செய்தார்? தன் கையுறையைக் கழற்றி வீசினார். வா, சண்டைக்கு என்று அர்த்தம். சிறையில் போட்டார்கள், சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். மறு ஆண்டே கோட்டை கட்ட அனுமதி! மானம் போன மனிதன் ஒருவன் ஊர் பார்க்க எழுந்து நிற்பதற்கு இதைவிடப் பெரிய மேடை உண்டா?

அகழியின் ஆழத்தைப் பாருங்கள். சராசரி ஐந்தடி. எனக்குத் தோள் அளவு. அதில் தண்ணீர் நிற்பது ஒரு மண் கரையின் தயவில். முற்றுகையிட வந்தவன் மண்வெட்டியோடு வந்து கரையை உடைத்துவிட்டால் முடிந்தது கதை. ஏரிக்கரை உடைந்த ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு நேர வேலை என்று தெரியும். மதிலில் பெரிய பெரிய சன்னல்கள் வேறு. ஆனால் அந்தத் தண்ணீர் கோட்டையைத் தூக்கிக் காட்டுகிறதே, அந்த வித்தை! வருகிறவர் நேராக உள்ளே போக முடியாது. முதலில் மேற்குக் கரையிலிருந்து பாலம். அது தண்ணீருக்கு நடுவே ஓர் எண்கோணத் திட்டில் முடியும். அங்கே திரும்பி இன்னொரு பாலம். திரும்பும்போது முழுக் கோட்டையும் கண்முன்னே விரியும். நம் கோயிலில் தேர் நிலைக்கு வருமுன் ஒரு முனை திரும்புமே, அப்படி.

1980களின் இறுதியில் அரசின் நில அளவையாளர்கள் சுற்றுப்புற நிலத்தை அளந்தபோது கோட்டையைச் சுற்றிக் குளங்களும், வடக்கே மேட்டில் நின்று பார்ப்பதற்கு ஏற்ற இடமும் இருந்ததைக் காட்டினார்கள். அன்றிலிருந்து அறிஞர்கள் இரண்டு கட்சி. கோட்டை என்றால் போருக்குத்தான் என்று ஒரு கட்சி விடுவதாயில்லை. இது பெரும் பகட்டு என்கிறது இன்னொரு கட்சி. இந்த நூற்றாண்டில் அங்கே ஆய்வு செய்த மாத்யூ ஜான்சன் குழுவினர், இந்தச் சண்டையே போதும், இங்கே வாழ்ந்தவர்களையும் உழைத்தவர்களையும் பாருங்கள் என்றார்கள். எனக்கு அது பிடித்தது. டாலிங்ரிட்ஜின் கையுறை வரை நமக்குத் தெரிகிறது. அந்தப் பள்ளத்தை வெட்டிய ஒருவரின் பெயராவது தெரியுமா?

உள்நாட்டுப் போர் வந்தது. அன்றைய உடைமைக்காரர் தோற்ற மன்னர் கட்சி. 1644இல் அபராதம் கட்டப் போடியத்தை விற்றார். பிறகு உள்ளே இருந்ததைப் பிரித்தெடுத்தார்கள். கொடி படர்ந்தது. கல்லுக்காக இடித்துவிடுவார்கள் என்ற நிலையில் 1829இல் ஜான் ஃபுல்லர் என்பவர் வாங்கிக் காப்பாற்றினார். ஊரில் அவருக்குக் 'கிறுக்கு ஜாக்' என்று பெயர். கோட்டையைக் காத்த புண்ணியவான் என்று உடனே மாலை போட்டுவிடாதீர்கள். ஜமைக்காவில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்த குடும்பம், அடிமை முறைக்கு நாடாளுமன்றத்தில் வக்காலத்து வாங்கியவர்.

அதற்குப் பிறகு அந்தக் கோட்டையை வாங்கிய ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கர்சன் பிரபு!

ஆமாம், அதே கர்சன்தான். 1905இல் வங்கத்தைப் பிரித்தாரே, அந்தக் கோபத்தில் எழுந்த சுதேசி அலையில்தானே 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கர்சன் பழஞ்சின்னப் பைத்தியம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வைசிராயாக இருந்தபோது 1902இல் ஜான் மார்ஷலைக் கொண்டுவந்து தொல்லியல் துறைக்குத் தலைவராக்கினார். 1904இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் போட்டார். அதில், தேவைப்பட்டால் சின்னத்தை அரசு கட்டாயமாகவே கையகப்படுத்தவும் வழி இருந்தது. இங்கிலாந்தில் அப்போது இருந்த 1882ஆம் ஆண்டுச் சட்டமோ, உடையவர் மனம் வைத்தால்தான் என்கிற சட்டம்.

அதன் விளைவை அவர் தன் நாட்டிலேயே பார்த்தார். லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் என்று ஒரு செங்கல் கோட்டை, இரட்டை அகழி. ஆறாம் ஹென்றி மன்னரின் பொருளாளர் ரால்ஃப் குரோம்வெல் 1430களிலும் 40களிலும் கட்டியது. உள்ளே கல்லில் செதுக்கிய பெரிய குளிர்காய் அடுப்புகள், அவற்றில் பொருளாளரின் பணப்பை உருவம். 'எனக்கு உரிமை இல்லையா?' என்பது அவருடைய குடும்ப வாசகம். 1911இல் அந்த அடுப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். மூட்டை கட்டி அமெரிக்காவுக்கு ஏற்ற ஏற்பாடு. தடுக்கச் சட்டம் இல்லை. விற்றவரும் கேட்டிருப்பார், எனக்கு உரிமை இல்லையா என்று! கர்சன் தன் காசைப் போட்டுக் கோட்டையை வாங்கினார். அடுப்புகளை நாடு முழுக்கத் தேடி லண்டனில் கண்டுபிடித்து, பழையபடி சுவரில் பதிக்க வைத்தார். தூர்ந்து கிடந்த அகழியைத் திரும்ப வெட்டினார். 1913இல் இங்கிலாந்திலும் வலுவான சட்டம் வந்தது. அதற்கு டாட்டர்ஷல் விவகாரமும் ஒரு தூண்டுதல்.

முதல் உலகப் போர்க் காலத்தில் போடியத்தை வாங்கினார். போர் முடிந்ததும் அகழியை வற்றவைத்து மூன்றடிச் சேற்றை வாரினார்கள். தூர் வாரியபோது அடியில் தெரிந்தன பழைய பாலங்களின் அடிமரங்கள். வருகிறவரைத் திரும்பவைத்த அந்தப் பழைய வழி அப்படித்தான் தெரியவந்தது. 1925இல் இறக்கும்போது இரண்டு கோட்டைகளையும் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். இந்த மனிதரைத் திட்டுவதா, பாராட்டுவதா? இரண்டுக்கும் எனக்கு நேரம் இருக்கிறது.

பெரிய கோட்டைக்குக் கர்சன் வந்தார். மாட்டுப் பண்ணைப் பள்ளத்துக்கு யார் வருவார்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய டிராக்டரும் புல்டோசரும் வந்தபோது, உழவுக்கு இடைஞ்சல் என்று எத்தனையோ அகழிகளைத் தூர்த்துச் சமப்படுத்திவிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் சிலர் கூடி, அகழி மனைகளை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். மாவட்டம் மாவட்டமாகப் பட்டியல் போட்டார்கள். நான் முன்பு சொன்ன 6,000 என்ற கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. இப்படிப்பட்டவர்கள் வயலில் நடந்து நடந்து சேர்த்த கணக்குகளும் அதில் இருக்கின்றன. இன்று நிறைய அகழிகள் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் அங்கே மண்வெட்டி போடக்கூடாது. அகழெலிக்கு மட்டும் விதிவிலக்கு.

ஓட்டுத் துண்டோடு நான் நின்றதை மறந்துவிட்டீர்களா? மகள் முறைத்தாள். எடுத்த குவியலிலேயே, துளை மேலே தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன். கீழே இறங்கும்போது பண்ணைக்காரர் வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கோ பேச ஆள் கிடைத்த சந்தோஷம். நான் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன், இந்த அகழி யாரையாவது தடுத்திருக்கிறதா என்று.

அவர் சிரித்தார். 2022 கோடையை நினைவுபடுத்தினார். அந்த ஆண்டு ஜூலை 19ஆம் தேதி இங்கிலாந்தில் 40.3 டிகிரி. அதுவரை காணாத வெயில். பதிவான இடம் கோனிங்ஸ்பி, நான் சொன்ன டாட்டர்ஷலுக்குப் பக்கத்து ஊர். வேலூர்க்காரர்கள் சிரிக்கக்கூடாது. அந்தக் கோடையில் இந்த அகழி வற்றி, மேலே ஏடு காய்ந்துவிட்டதாம். திட்டின் மேல் இருந்த பச்சைப் புல்லைப் பார்த்து ஒரு பசு நேராக இறங்கியிருக்கிறது. மேலே காய்ந்த மண், கீழே எழுநூறு வருஷத்துச் சேறு. வயிறு வரை புதைந்துவிட்டது. பெல்ட் கட்டி டிராக்டர் வைத்து இழுத்து எடுக்க ஒரு மதியம் பூராவும் ஆயிற்றாம்.

"எனக்குத் தெரிந்து இது தடுத்தது அவளைத்தான்" என்று கரையைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிழட்டுப் பசு, முன்னங்காலை மட்டும் ஜாக்கிரதையாக ஊன்றி, கழுத்தை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.